மறக்காமல் கொடுத்த மருந்து

புனேவை ஒட்டிய போசரியில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் கோயம்புத்தூரிலும் இதே வேலைதான். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். என் மேஜையைத் தாண்டிக் குறையோடு ஒரு பம்ப்கூட வெளியே போனதில்லை என்று சொல்லிக்கொள்வேன். போயிருக்கிறது. இருந்தாலும் சொல்லிக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், என்னைக் கவனக்குறைவான ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டுப் பூனை என் கையால் கிட்டத்தட்ட செத்துப்போனது கவனக்குறைவினால் அல்ல.

சிஞ்ச்வட்டில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், இங்கே சொசைட்டி என்பார்கள், இரண்டு விங். ஏ விங்கில் முதல் மாடி எங்களுடையது. ஒரு மழைக்காலத்தில் பூனை தானாகப் படியேறி வந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் சாம்பல் திட்டு. கருத்தடை செய்ததற்கு அடையாளமாக இடது காது நுனியை வெட்டியிருந்தார்கள். என் மனைவி ஒரு கிண்ணத்தில் பால் வைத்தாள். அடுத்த நாளும் வந்தது. பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு வாரம் பேசினோம், ஒத்துவரவில்லை. "பூனை" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டோம்.

மனைவி தேஹு ரோட்டில் பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் லோக்கல் ரயில் பிடிக்க ஓடிவிடுவாள். அரை மணி கழித்து எனக்குக் கம்பெனி பஸ். இருவரும் கிளம்பும்போது பூனையையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டுவோம். மாலையில் நான் திரும்பும்போது வாசல் மிதியடியில் உட்கார்ந்திருக்கும். பகலெல்லாம் எலி பிடிக்கிறது, அணில் துரத்துகிறது, சுதந்திரமாகத் திரிகிறது என்று நம்பினோம். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தங்கள் வீட்டில் ஒருவராவது பகலில் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைக்கப் பிடிக்கும்.

பூனை வளர்ப்பதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொசைட்டியில் பூனை என்றாலே பிரச்சினை. பார்க்கிங்கில் நாற்றம், படிக்கட்டில் முடி என்று வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருமுறை யாராவது புலம்புவார்கள். ஒரு தடவை சேர்மன் ஒரு மனு தயார் செய்தார்: வளாகத்தில் பூனைகளுக்கு உணவு கொடுப்பவர்கள் உடனே நிறுத்த வேண்டும், யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் தெரிவிக்க வேண்டும். வாட்ச்மேன் அதை வீடு வீடாகக் கொண்டுவந்தார். என் காலடியில் பூனை உட்கார்ந்திருந்தது. நான் கதவைக் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

"போடாம இருந்தா நம்ம மேல சந்தேகம் வரும்," என்றேன் மனைவியிடம்.

"நல்லா இருக்குதுங்க உங்க ஞாயம்," என்றாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குளிர் தொடங்கும்போது பூனை ஜன்னல் கட்டைக்குத் தாவுவதை நிறுத்தியது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும், பிறகு யோசனையை மாற்றிக்கொண்டதுபோல நகர்ந்துவிடும். முதுகில் முடி சிக்குப் பிடித்தது. பின்னங்காலை ஊன்றும்போது லேசாக இழுத்தது. நான் வயசாகிவிட்டது என்றேன். மனைவிதான் கவனித்துச் சொன்னாள்: "ஏனுங்க, அதுக்கு வலிக்குதுங்க. சொல்லத் தெரியல, அவ்வளவுதான். என்கிட்ட முட்டி வலிக்கு மாத்திரை இருக்குது, கால்வாசி கரைச்சுக் குடுக்கலாமா?"

நல்லவேளை, கொடுக்கும் முன் ஸ்டேஷன் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இளம் பெண். மாத்திரை யோசனையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மனுஷங்க வலிக்குப் போடற மாத்திரை எதையும் பூனைக்குத் தரவே கூடாது. பாராசிட்டமால் ஒண்ணே ஒண்ணு போதும், செத்துடும்," என்றார் இந்தியில். மனைவி கைப்பையை இறுக மூடிக்கொண்டாள், மாத்திரை தானாக வெளியே வந்துவிடும் என்பதுபோல.

எக்ஸ்ரே எடுத்தார். இடுப்பு மூட்டும் முழங்கையும் தேய்ந்திருந்தன. எடை வேறு அதிகம். ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டு, சிறுநீரகம் இந்த வயதுக்குப் பரவாயில்லை என்றார். வலிக்கு ஒரு திரவ மருந்து எழுதினார். பூனையின் எடைக்குத் தக்கபடி கோடு போட்ட சிறு சிரிஞ்ச் பாட்டிலோடு வந்தது. தினம் ஒரு வேளை, சாப்பாட்டோடு, அந்தக் கோடு வரைக்கும்தான். சாப்பிடாத நாளில் மருந்து கிடையாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மூட்டு வலிக்கு இதை வருஷக்கணக்கில் கொடுக்கலாம், ஆனால் அளவு மீறினால் முதலில் அடிபடுவது சிறுநீரகம், அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"வீட்டில வேற யாராவது மருந்து தர வாய்ப்பு இருக்கா? சில வீடுகள்ல ஒருத்தர் கொடுத்தது தெரியாம இன்னொருத்தர் கொடுத்துடுவாங்க," என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "டாக்டர், நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கேன்," என்றேன்.

அன்றிரவே கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டேன். தேதி, நேரம், அளவு, சாப்பிட்டதா, நடை எப்படி, கொடுத்தவர் கையெழுத்து. கையெழுத்து எதற்கு என்று மனைவி கேட்டாள். கொடுக்கப்போவது நான் மட்டும்தான், பார்க்கப்போவதும் நான் மட்டும்தான். இருந்தாலும் கையெழுத்து இல்லாத அட்டவணை அட்டவணை இல்லை. அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். தினம் மாலை ஏழு மணிக்கு மருந்து. ஒரு நாள் தவறவில்லை. ஒருமுறை ஆடிட்டுக்காக நாசிக் போக வேண்டியிருந்தது. மனைவியை வீடியோவில் நிறுத்தி, சிரிஞ்சைக் கேமராவுக்கு அருகே காட்டச் சொல்லி, கோட்டைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கொடுக்க விட்டேன்.

மருந்து பிரமாதமாக வேலை செய்தது. பத்தே நாளில் பூனை ஜன்னல் கட்டையில் இருந்தது. இரண்டாவது வாரம் பீரோ மேல். டாக்டரே ஆச்சரியப்பட்டார். "இந்த அளவுக்கு இவ்வளவு வித்தியாசமா?" என்றார். நான் அட்டவணையை எடுத்துக் காட்டினேன்.

எடை மட்டும் குறையவில்லை. டாக்டர் சொன்ன கிராம் கணக்கில் உலர் உணவை நிறுத்துப் போட்டேன். பூனை இன்னும் கொஞ்சம் ஏறியது. அளவைக் குறைத்தேன். மேலும் ஏறியது. சமையலறைத் தராசில் பழுது என்று முடிவு செய்து வேறு தராசு வாங்கினேன். அதற்கடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் உயர்ந்திருந்தது. சிறுநீரகம் வடிகட்டாமல் விடும் கழிவு அது. டாக்டர் நெற்றியைச் சுருக்கி, "மூணு வாரத்தில் மறுபடி பார்க்கலாம், மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம்" என்றார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அளவு தப்பாக வந்தால் முதலில் அளந்த கருவியைச் சந்தேகப்படுவோம். "லேபில் தப்பு நடந்திருக்கும் டாக்டர்," என்றேன். மருந்தைக் குறைத்தேன், ஆனால் மூன்று வாரத்தில் போகவில்லை. மார்ச் மாதம், கணக்கு வருஷக் கடைசி வேலை. ஏழு வாரம் ஆயிற்று.

ஏப்ரலில் வெயில் ஏறியது. ஒரு நாள் மாலை பூனை மிதியடியில் உட்கார்ந்திருக்கவில்லை, படுத்திருந்தது. உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நுரையாக வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு குடிப்பதா வேண்டாமா என்று தெரியாததுபோல அப்படியே இருந்தது. சாப்பிடாததால் அன்று மருந்து கொடுக்கவில்லை. அட்டவணையில் முதல்முறையாகக் காலியிடம். அதற்காகவும் கொஞ்சம் வருத்தப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு நேராக கிளினிக். ரத்த முடிவைப் பார்த்த டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். கிரியாட்டினின் எண் பல மடங்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் திடீரென்று அடி வாங்கியிருக்கிறது, இங்கேயே வைத்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும், குறைந்தது மூன்று நாள், பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"நீங்கள் சொன்ன அளவுதான் டாக்டர். குறைச்ச அளவு," என்றேன்.

"அதான் எனக்கும் புரியல. இந்த அளவில் இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம்," என்றார்.

மூன்று நாளும் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். கூண்டுக்குள் முன்னங்காலில் ஊசியோடு படுத்திருந்தது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. வீட்டில் மனைவி கவலையை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க முயன்று பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். "அந்த டாக்டரம்மா கேட்டாங்களே, வேற யாராவது குடுக்கறாங்களான்னு," என்றாள் ஒருமுறை. "எனக்குத் தெரியாம நீ கொடுத்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் குழாயை இன்னும் திறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே வரும்போது கேட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. எங்கள் பூனை. நீலக் கட்டம் போட்ட ஒரு மெத்தையில் நான்கு காலையும் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு மெத்தை எங்கள் வீட்டில் கிடையாது. கீழே மராத்தியில் கையால் எழுதியிருந்தது. பேசுவேன், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

எங்கள் பூனையை மூன்று நாட்களாகக் காணவில்லை. வயதானது. மூட்டு வலிக்குத் தினமும் காலையில் மருந்து கொடுத்தாக வேண்டும். நான்கு மாதமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து பி விங் தரைத்தளத்தில் சொல்லவும்.

கடைசி வரிக்கு முந்தின வரியைத் திரும்பப் படித்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொருமுறை படித்தேன்.

வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சாஹிப், உங்க பூனைதானே அது? காகூவிடம் சொல்லலையா?"

"அது என் பூனைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில உங்க படியில இறங்கி காகூ வீட்டு ஜன்னல்ல ஏறும். சாயங்காலம் அங்கிருந்து இறங்கி உங்க படியில ஏறும். எட்டு வருஷமா பாக்கறேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"யாரும் கேக்கலையே," என்றார். அதோடு, "ரெண்டு பேருமே பூனை வேண்டாம்னு கையெழுத்துப் போட்டீங்க. நான் என்னன்னு நினைக்கறது?" என்றும் சொன்னார்.

காகூ என்றால் மராத்தியில் சித்தி. வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பி விங் தரைத்தளத்துக் காகூ எழுபது வயதைத் தாண்டியவர். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். எட்டு வருஷத்தில் அவரோடு நான் பேசியதெல்லாம் கணபதி சமயத்தில் ஒரு மோதகம் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னது மட்டும்தான்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், "கிடைச்சுதா?" என்றார். பிறகு, "உயிரோட இருக்கா?" என்றார்.

"இருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கு. நான்தான் சேர்த்தேன் காகூ. அது என் பூனை."

"உங்க பூனையா? நீங்க மனுவில கையெழுத்துப் போட்டவராச்சே. மூணாவது பேர் உங்களுது."

"உங்களுது?"

"ரெண்டாவது," என்றார்.

அவருக்குப் பின்னால் ஹாலில் அந்த நீலக் கட்ட மெத்தை ஒரு பிரம்பு நாற்காலியில் கிடந்தது. நடுவில் பூனை அளவுக்குக் குழி. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் அதை மாவூ என்று கூப்பிடுகிறார். காலையில் வரும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கும், மாலையில் கிளம்பிவிடும். பூனைகள் இரவில் ஊர் சுற்றும் என்று படித்தவர்தானே, அதனால் சந்தேகமே வரவில்லை. குளிரில் கால் இழுப்பதைப் பார்த்து ஒரு கூடையில் வைத்து ஆட்டோ பிடித்து நிக்டியில் ஒரு வயதான டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அவரும் அதே மருந்து எழுதியிருக்கிறார். அதே பாட்டில், அதே சிரிஞ்ச். எங்கள் வீட்டில் தொடங்கிப் பத்து நாள் கழித்து இங்கே தொடங்கியிருக்கிறது. பூனை பீரோ மேல் ஏறியது அந்த வாரம்தான்.

"ரத்தம் பார்க்கச் சொன்னாரா?"

"சொன்னார். ஆட்டோவில ரொம்ப அழுதது. பாவமா இருந்தது. நல்லாத்தானே நடக்குது, அடுத்த மாசம் பார்க்கலாம்னு விட்டுட்டேன்." குரல் தாழ்ந்தது. "முப்பது வருஷம் சிறுநீரகத்தைப் போர்டுல வரைஞ்சிருக்கேன். பசங்க தப்பா வரைஞ்சா ஸ்கேலால அடிச்சிருக்கேன்."

அவர் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். வரும் வழியில் வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன, இந்தியில். போகாமல் விட்ட ஏழு வாரம் ஞாபகம் வந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். மனைவியைத் தவிர அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றே ஒரே ஆட்டோவில் கிளினிக் போனோம். காகூ தன் சுவர்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அட்டவணையை எடுத்துக்கொண்டேன். டாக்டர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக். என் அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் கையெழுத்து. நாள் தவறாமல், காலையும் மாலையும், பூனைக்கு வேண்டியதைப்போல இரண்டு பங்கு போயிருந்தது. நான் பாதியாகக் குறைத்த பிறகும் ஒன்றரைப் பங்கு. அதோடு வெயில்.

டாக்டர் காலண்டரையும் அட்டவணையையும் எங்கள் பக்கம் தள்ளினார். பிறகு, "ரெண்டு பேருல ஒருத்தராவது கொஞ்சம் பொறுப்பில்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நாங்கள் சிரிக்கவில்லை.

கூண்டருகே போனோம். பூனை முதன்முறையாக எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தது. ஒரு நிமிஷம் என்னை, ஒரு நிமிஷம் அவரை. பிறகு சிரமப்பட்டு எழுந்து, திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. ரகசியம் வெளியாகிவிட்டது என்று தெரிந்ததுபோலத்தான் இருந்தது. காகூ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருடி," என்றார் மராத்தியில்.

பிழைத்துக்கொண்டது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எண் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. போனது போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்றார் டாக்டர். அந்த மருந்து நிறுத்தம். வலிக்கு வேறு வகை மருந்து, சிறுநீரகத்துக்கு ஏற்ற உணவு, அது மட்டும், வேறு எதுவும் வாயில் படக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டும்.

வேறு எதுவும் வாயில் படக் கூடாது என்றால் சொசைட்டிக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் இருவர் பெயரிலும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டோம். இந்தப் பூனை எங்களுடையது, நோயாளி, தயவுசெய்து யாரும் எதுவும் கொடுக்காதீர்கள். மனு விஷயத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். குழுவில் ஒரு சத்தமும் இல்லை. தனியாகத்தான் செய்திகள் வந்தன. பி விங் இரண்டாம் மாடியிலிருந்து: மன்னிக்கவும், தினமும் பாதி முட்டை கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து: குழந்தை பிஸ்கட் போடுவாள், சொல்லிவைக்கிறேன். கடைசியாகச் சேர்மன்: எப்போதாவது கொஞ்சம் பனீர் மட்டும், இதைக் குழுவில் போட வேண்டாம். நான் புதிதாக வாங்கிய தராசு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

திரவம் ஏற்றுவது இரண்டு ஆள் வேலை. மனைவிக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். காகூவுக்குக் கை நடுங்காது. ஆயிரம் தவளையையாவது அறுத்திருப்பேன் என்றார். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலை அவர் வீட்டில். திரைச்சீலைக் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிடுவோம். நான் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். காகூ பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருகுவார். தோள்பட்டையில் ஒட்டகத் திமில்போல நீர் திரண்டு, மெல்லக் கீழே இறங்கும். அது இறங்கும் நேரத்துக்கு அவர் போஹா என்கிற அவல் உப்புமா கொடுப்பார், நான் மனைவி கொடுத்தனுப்பிய அரிசிம்பருப்பு சாதத்தைக் கொடுப்பேன். காரம் போதாது என்பார்.

ஆறேழு மாதம் இப்படி நன்றாகவே போயிற்று. எண் ஏறவில்லை. நான் புது அட்டவணை போட்டு, எண் இறங்குவதைக் காட்டும் வளைகோட்டைக் காகூவிடம் காட்டுவேன். அவர் வளைகோட்டைப் பார்க்க மாட்டார், பூனையைப் பார்ப்பார். குளிர் வந்ததும் சொன்னார்: "இந்தப் புது மருந்து போதல. படுத்தே கிடக்கு. தொட்டா தோலைச் சிலிர்த்துக்குது. பழைய மருந்தைக் கொஞ்சமா ஆரம்பிக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க."

"சிறுநீரகம் போயிடும் காகூ."

"சிறுநீரகம் நல்லா இருக்கிற பூனை அங்க மூலையில படுத்திருக்கு, பாருங்க."

டாக்டர் ஒரு பக்கமும் சாயவில்லை. பூனை இப்போது நிலையாக இருக்கிறது, மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கலாம், அப்படிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இருக்கும் காலம் குறையலாம், முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். காகூ வேண்டும் என்றார். இரண்டு தடவை பேச்சே இல்லாமல் திரவம் ஏற்றினோம். போஹாவும் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கூப்பிட்டாள். பூனை மூத்திரம் போக விளிம்பைத் தாழ்வாக வெட்டி மண் போட்டு வைத்திருந்த தட்டின் அருகே, தட்டுக்குள் ஏற முடியாமல், வெளியிலேயே ஈரமாகிப் படுத்திருந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன். இடுப்பில் கை பட்டதும் கத்தியது. எட்டு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அட்டவணையில் "நடை எப்படி" என்ற கட்டத்தில் அன்று காலைதான் "சுமார்" என்று எழுதியிருந்தேன். முந்தின நாளும் அதையே எழுதியிருந்தேன். அதற்கு முந்தின நாளும்.

"எதுக்குங்க அந்தப் பேப்பரு," என்றாள் மனைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கீழே இறங்கிப் போய்க் காகூவின் கதவைத் தட்டினேன். "பழைய மருந்தையே கொடுத்துடலாம் காகூ," என்றேன். அவர் உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார், டாக்டரைப் பார்க்க.

இந்த முறை டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். மருந்துப் பாட்டில் காகூ வீட்டில். சிரிஞ்ச் என் வீட்டில். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பூனைக்கு மருந்து. எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினுக்கு இப்படித்தான், இரண்டு பொத்தானையும் ஒரே சமயம் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும், விரல் போகாமல் இருக்க. அங்கே அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். வீட்டுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அதிலிருந்து தினமும் மாலை சட்டைப் பையில் சிரிஞ்சோடு பி விங்குக்குப் போகிறேன். பழைய அளவில் பாதிக்கும் கீழே. காகூ பாட்டிலைத் திறப்பார், நான் இழுப்பேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்து, "பரோபர்," என்பார், சரி என்று. ஒன்பதாம் நாள் பூனை பிரம்பு நாற்காலியில் தானாக ஏறியது. எண்ணும் ஏறுகிறது, மெதுவாக. போன தடவைக்கு இந்தத் தடவை கொஞ்சம், அதற்கு முந்தினதற்குப் போன தடவை கொஞ்சம். வளைகோடு வரைவதை நிறுத்திவிட்டேன். எப்படிப் போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த மாதக் கடைசியில் அடுத்த பரிசோதனை. டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்பார், என்ன சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம். சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, போன வியாழக்கிழமை ஜன்னல் வழியாகக் குதித்துச் சுற்றுச்சுவர் வரைக்கும் ஓர் ஓணானைத் துரத்தியது. ஓணான் தப்பித்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டியதில்லை என்கிறார் காகூ.